ஒட்டுப் போர்வை

'கூழானாலும் குளித்துக் குடி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் நாட்டுப் பழமொழி. தூய்மையை அறிவுறுத்தும் மொழி என்றே இதனை நாம் கொள்கிறோம். இதனுள் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. கந்தையை எறிந்துவிடு என்று இப்பழமொழி கூறவில்லை. கசக்கிக் கட்டு என்றே கூறுகிறது. கிழிந்துவிட்டது என்ற ஒன்றாலேயே துணியின் பயன் தீர்ந்துபோயிற்று என்று நம் முன்னோர் எண்ணவில்லை. தாயின் புடவை பழையதானால் அது குழந்தைக்குத் தூளி ஆயிற்று; தூளி நைந்தால் அடுப்பங்கரைக் கைப்பிடித் துணி ஆயிற்று. நைந்த வேட்டி மாலையில் ஏற்றும் விளக்குக்குத் திரி ஆயிற்று. பிறந்த குழந்தையின் மேனியைப் புதுத்துணி உறுத்தும் என்று கருதி, பலகால் துவைத்து மென்மை பெற்ற பழந்துணியையே முதலில் உடுத்தும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருந்து வருகிறது.

இவ்வாறு பழந்துணிக்குப் புதுவாழ்வு அளிக்கும் கைத்தொழில்களுள் ஒன்று ஒட்டுப் போர்வை தைத்தல். சிறு சிறு துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, அடியில் வேறு துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வையே ஒட்டுப் போர்வை எனப்படும். 'டீ-ஷர்ட்' என்று எல்லாரும் வழங்கும் பனியன் சட்டைகள் இக்காலத்தில் வீடுதோறும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கொண்டும் இப்போர்வையைத் தைக்கலாம். அதன் வரலாற்றையும் தேவையையும் செய்முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

உறையூரும் துணியும்

இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், முற்காலச் சோழர்களின் தலைநகரமாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ஒரு கடற்பயண நூல், தமிழகத்திலிருந்து ஏற்றுமதியான பண்டங்களைக் கூறுமிடத்து, 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணியையும் குறிப்பிடுகிறது. அந்த 'அர்கரு' உறையூரே என்பது அறிஞர் பலருடைய கருத்து. உறையூரில் கைத்தறி நெசவு இன்றும் நடைபெறுகிறது.

சோழ நாட்டில் நல்ல துணி நெய்யப்பட்டதால் எல்லாரும் நல்ல துணி உடுத்தினர் என்று கருதிவிடலாகாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, சோழன் கரிகாற் பெருவளத்தானைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதனைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். அதில் வறுமையுற்ற பொருநன் ஒருவன் மன்னனைக் காணச் செல்கிறான். அவன் உடுத்திருந்த துணியில் ஈரும் பேனும் குடியிருந்தன. அது வியர்வையால் நனைந்திருந்தது. வேற்று நூல் கொண்டு பல இடங்களில் தைக்கப்பட்டிருந்தது. மன்னன் அதனைக் களையச் செய்து, பாம்பின் உரி போன்றதும், நூலின் போக்கு இன்னதென்று கண்ணால் காண இயலாததுமாகிய நுண்ணிய ஆடையை அளித்தான்.

இப்பகுதியைப் படிப்போர் கரிகாலனின் கொடையைப் பாராட்டுவர். பாராட்டத்தக்கதே. ஆயினும், அப்பழைய ஆடையையும் சற்று நோக்குதல் வேண்டும். துணியின் நூல் அற்றுப்போன இடத்தில் வேற்று நூல் நுழைந்திருந்தது என்றால், ஒரு கை அதனைப் பலமுறை எடுத்துத் தைத்திருக்கின்றது என்பது பொருளன்றோ? அதனைத் தைத்தவர் இன்னார் என்று புலவர் கூறவில்லை. வறுமையிலும் ஒருவர் தம்மிடம் இருந்ததைப் பேணிக் காத்தார் என்பதற்கு அத்தையலே சான்றாக நிற்கின்றது. அக்காலத்தில் தைத்தலுக்குத் 'துன்னல்' என்று பெயர். துன்னகாரர் என்னும் தையற்காரர் புகார் நகரில் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

தேரில் விளங்கும் ஒட்டுத் தையல்

ஒட்டுத் தையல் வறுமையின் அடையாளம் மட்டுமன்று. சித்திரைத் திங்களில் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளில் தேர் ஓடும் நாளை எண்ணிப் பாருங்கள். மரத்தாலான தேரின் மேற்பகுதியைப் பல நிறச் சீலைகள் மூடியிருக்கும். உருளை வடிவில் துணியாலான அணிகள் சுற்றிலும் தொங்கும். அவற்றைத் தொம்பைகள் என்பர். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமான துணிகளைப் பூவாகவும் கொடியாகவும் விலங்குருவாகவும் வெட்டி, மற்றொரு துணியின்மேல் வைத்து ஓரம் மடித்துத் தைத்து இவற்றை உருவாக்குவர். துண்டுத் துணியும் ஊசியும் நூலும் அன்றி வேறு கருவி இதற்கு மிகுதியாக வேண்டுவதில்லை. ஏழையின் ஆடையில் இட்ட ஒட்டும், தேர்ச்சீலையில் இட்ட ஒட்டும் தொழிலால் ஒன்றே. ஒன்றைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், மற்றொன்றைக் கண்டு கைகூப்புகிறோம்.

பிற நாட்டுப் போர்வைகள்

நம் 'கந்தை' என்னும் சொல்லோடு உறவுடையது வங்காளத்தார் வழங்கும் 'காந்தா' என்னும் சொல். வங்கப் பெண்கள் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வை செய்தனர். தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் பழைய புடவையின் கரையிலிருந்தே உருவிக்கொண்டனர். அப்போர்வையில் தாமரையும் மீனும் படகும் யானையும் நூலால் வரையப்பட்டன.

கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சித்தியப் பெண்கள் கிழிந்த ஆடைகளின் துண்டுகளைக் கொண்டு போர்வை தைப்பர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவிடம் நோக்கித் தைத்துச் செல்வது இவர்களுடைய முறை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளை வைப்பர். அவற்றைப் பூ என்று அழைப்பர். அப்பூக்கள் இல்லாத போர்வையை நிறைவுற்றதாக அவர்கள் ஏற்பதில்லை.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவில் 'ஜீஸ் பெண்ட்' என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். குளிரைத் தாங்குவதற்காக அவ்வூர்ப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த ஆடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தனர். அவர்களுள் மிசௌரி பெட்வே என்பவர், தம் கணவர் இறந்த பின்பு, அவர் வயலில் உடுத்திய ஆடைகளைக் கொண்டு 1942ஆம் ஆண்டில் ஒரு போர்வை தைத்தார். கணவரின் நினைவைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவர் கண்ட வழி அது. இவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் உருவம் பொறித்த அஞ்சல்தலைகளை வெளியிட்டது. குளிருக்கு அஞ்சித் தைத்த கந்தைகள், கலைச்செல்வம் என்று உலகத்தாரால் போற்றப்பட்டன.

பனியனும் காவிரியும்

இனி, நம் வீட்டுப் பனியன் சட்டைக்கு வருவோம். வேட்டியும் புடவையும் நெய்யப்படுவன. அவற்றில் பாவு நூல் நீளவாட்டிலும் ஊடை நூல் குறுக்குவாட்டிலும் செல்லும். பனியன் துணியோ பின்னப்படுவது. அதில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றது. அதனாலேயே அது இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது, உடலோடு இயைந்து நிற்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணிகளும் கழன்று துளை பெரிதாவதும் அதனாலேயே ஆகும்.

இத்துணிக்குப் பெயர்பெற்ற ஊர் திருப்பூர். திருச்சிராப்பள்ளியில் தெப்பக்குளத்தை அடுத்த கடைவீதிகளில் நாம் வாங்கும் பனியன் சட்டைகளுள் பல அங்கிருந்து வருவனவே. அவ்வூருக்கும் நம் ஊருக்கும் வணிகத்தால் மட்டுமன்றி ஆற்றாலும் தொடர்பு உண்டு. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு, கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. அந்தக் காவிரியே முக்கொம்பில் கொள்ளிடம், காவிரி என இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்கிச் செல்கின்றது.

திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றிய கழிவுநீர் பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தது. உழவர்களின் பாசனத்துக்கென்று 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. நீரும் நிலமும் கெட்டன, கிணறுகள் உவர்த்தன, உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கழிவுநீரை முற்றிலும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதவாறு சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்பது சாயத் தொழிலுக்கு நிபந்தனையாயிற்று.

ஒரு பனியன் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவிப்பது முதல் சட்டையாக ஆக்குவது வரையில் ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று உலக வனவிலங்கு நிதியம் கூறுகிறது. ஒரு மனிதர் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் பருகுவார் எனக் கொண்டால், அது 900 நாள்களுக்குப் போதுமான நீராகும். பருத்தி பறித்தவர், நூல் நூற்றவர், பின்னியவர், சாயம் தோய்த்தவர், வெட்டியவர், தைத்தவர் எனப் பலருடைய உழைப்பும் அதில் உள்ளது. விளையாட்டு விழாவுக்கென ஒன்று, மரம் நடு விழாவுக்கென ஒன்று, கல்லூரி விழாவுக்கென ஒன்று என்று வாங்கி, ஓரிரு முறை உடுத்தி மூலையில் எறியும்போது, நாம் எறிவது துணியை மட்டும் அன்று.

எறிந்த துணி எங்கே செல்கிறது? சில, பாத்திரக்காரரிடம் கைமாறுகின்றன. சில, இயந்திரம் துடைக்கும் துணியாகின்றன. சில, பஞ்சாகக் கிழிக்கப்பட்டு மீண்டும் நூலாகின்றன. எஞ்சியவை குப்பை மேட்டை அடைகின்றன. அவற்றை வீட்டிலேயே போர்வையாக்குவது அரிதன்று.

தைக்கும் முறை

முதலில் இருபது பழைய பனியன் சட்டைகளைத் திரட்டுக. அவற்றை நன்கு துவைத்து நிழலில் உலர்த்துக. பழந்துணி சுருங்க வேண்டிய அளவு முன்னரே சுருங்கிவிட்டது. சாயமும் போக வேண்டிய அளவு போய்விட்டது. ஆதலால், புதுத்துணியில் நேரும் இவ்விரு தொல்லைகளும் இதில் குறைவு. ஒவ்வொரு சட்டையின் இரு பக்கத் தையலையும் தோள் தையலையும் வெட்டி, கையையும் கழுத்துப் பட்டையையும் நீக்கி, எழுத்தோ படமோ உள்ள முன்பக்கத்தைத் தனியே எடுத்துக்கொள்க.

பனியன் துணியை வெட்டியவுடன் அதன் ஓரம் சுருண்டுகொள்ளும். தைக்கும்போது இழுபட்டுக் கோணும். அதற்கு ஒரு தாங்கல் வேண்டும். பழைய பருத்தி வேட்டியைப் பதினான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின்மேலும் சட்டையின் முன்பக்கத்தை இழுக்காமல் பரப்பி, நீண்ட தையலால் இழையோட்டுக. வேட்டி நெய்த துணியாதலால் நீளாது, பனியனையும் நீளவிடாது. பிறகு, படம் நடுவில் அமையுமாறு பதின்மூன்று அங்குலச் சதுரமாக அளந்து வெட்டுக. அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டால் இருபதும் ஒரே அளவாக அமையும். அச்சிட்ட படத்தின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்தல் கூடாது. படம் உருகி ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் போட்டு உட்புறத்திலேயே தேய்த்தல் வேண்டும்.

இருபது சதுரங்களையும் தரையில் வரிசைக்கு நான்காக ஐந்து வரிசைகளில் பரப்பிப் பார்க்கவும். கறுப்புக்கு அருகே கறுப்பு வாராமலும், படமுள்ளவை ஒரே பக்கத்தில் குவியாமலும் மாற்றி வைக்கவும். அரை அங்குலம் தையலுக்கு விட்டு, முதலில் ஒவ்வொரு வரிசையையும், பின்னர் வரிசையோடு வரிசையையும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் இரு பக்கமும் அரை அங்குலம் தையலுள் மறைவதால், ஒவ்வொன்றும் ஓர் அடிச் சதுரமாக நிற்கும். ஆகவே, மேற்பகுதி நான்கு அடி அகலமும் ஐந்து அடி நீளமும் உடையதாகும். சுற்றிலும் ஆறு அங்குல அகலத்தில் பழைய துணியால் கரை வைத்தால், ஐந்தடிக்கு ஆறடிப் போர்வை கிடைக்கும். தையற்பொறியில் தைப்போர், பனியன் துணிக்கெனக் கிடைக்கும் முனை மழுங்கிய ஊசியைப் பயன்படுத்துதல் நலம். கூரிய ஊசி கண்ணியை அறுக்கும். மழுங்கிய முனை கண்ணியை விலக்கிக்கொண்டு செல்லும்.

அடுத்து, பழைய பருத்திப் புடவையை அடித்துணியாகக் கொள்க. அதன் அகலம் போதாதாகையால், இரு நீளங்களை அருகருகே இணைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதன்மேல் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை இடைத்துணியாகப் பரப்புக. குளிர்நாட்டார் இவ்விடத்தில் பஞ்சு வைப்பர். திருச்சிராப்பள்ளியின் வெப்பத்துக்கு அது வேண்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே சதுரங்கள் இணைந்த பகுதியை விரிக்கவும். நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கம் இல்லாதவாறு தடவி, ஊசிகளைக் குத்தி நிறுத்துக. பின்பு சதுரங்களின் இணைப்பை ஒட்டி மூன்று துணிகளும் சேருமாறு ஓட்டுத் தையல் இடுக. இத்தையலையும் நடுவிலேயே தொடங்குதல் வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் திரண்டு மேடாகிவிடும். முடிவில், புடவையின் கரையை நீளமாக வெட்டிப் போர்வையின் விளிம்பை மடித்துத் தைத்தால் வேலை நிறைவுறும்.

இவ்வேலை ஒரே நாளில் முடிவதன்று. ஒருவர் வெட்ட, ஒருவர் இழையோட்ட, ஒருவர் இணைக்க எனக் கூடிச் செய்தால் எளிதில் முடியும். கோணலாகத் தைத்துவிட்டால் தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம், துணி கோபித்துக்கொள்வதில்லை.

போர்வையில் எஞ்சும் நினைவு

பிற ஒட்டுப் போர்வைகளுக்கு இல்லாத தனிச்சிறப்பு ஒன்று பனியன் போர்வைக்கு உண்டு. அதன் ஒவ்வொரு சதுரமும் ஒரு செய்தியைத் தாங்கி நிற்கின்றது. ஓட்டப் பந்தயத்தில் ஓடிய ஆண்டு ஒன்றிலும், பள்ளியில் நீங்கள் சேர்ந்திருந்த அணியின் நிறம் ஒன்றிலும், அண்ணன் வெளியூர் சென்று வாங்கி வந்த நினைவு ஒன்றிலும் தங்கியிருக்கும். கரையில் தந்தையின் வேட்டியும் அடியில் தாயின் புடவையும் இருக்கும். கடையில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இத்தகைய போர்வையை வாங்க முடியாது. மிசௌரி பெட்வே தம் கணவரின் ஆடைகளைத் தைத்து வைத்துக்கொண்டதன் காரணம் இப்போது நமக்கு நன்கு விளங்கும்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் ஒட்டுப் போட்ட சட்டை அணிந்து வரும் தோழன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கண்டு நகைக்க நினைக்குமுன், அந்த ஒட்டை உற்று நோக்குங்கள். அவன் பள்ளிக்கு வரவேண்டும் என்பதற்காக, இரவு விளக்கொளியில் ஒருவர் ஊசியில் நூல் கோத்திருக்கிறார். பொருநனுடைய பழைய ஆடையில் நுழைந்திருந்த வேற்று நூல் அதுவே. புது ஆடை அளித்த கரிகாலனை உலகம் மறக்கவில்லை. அதுவரையில் பழைய ஆடையைத் தைத்துத் தைத்து அவன் மானத்தைக் காத்த கையையும் நாம் மறத்தலாகாது. ஓர் ஊசியும் சிறிது நூலும் எடுத்துப் பழந்துணி ஒன்றைத் தைக்கத் தொடங்குவோர், அக்கைக்கு உரிய மதிப்பைத் தாமே உணர்வர்.

வினாக்கள்

1. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி உணர்த்தும் இரு கருத்துகள் யாவை?
2. பொருநனின் பழைய ஆடையையும் கரிகாலன் அளித்த ஆடையையும் ஒப்பிட்டு எழுதுக.
3. நெய்த துணிக்கும் பின்னிய துணிக்கும் உள்ள வேறுபாடு யாது? பனியன் துணிக்கு வேட்டித் துணியால் தாங்கல் வைப்பதன் காரணம் என்ன?
4. நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த கேட்டையும் அது தீர்க்கப்பட்ட முறையையும் விளக்குக.
5. பதினாறு சதுரங்களைக் கொண்டு, வரிசைக்கு நான்காக, இப்பாடத்தில் கூறியவாறு கரையோடு போர்வை தைத்தால் அதன் நீள அகலம் எவ்வளவு? கணக்கிட்டுக் கூறுக.
6. உங்கள் வீட்டில் பழந்துணி எவ்வெவ்வாறு பயன்படுகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு கட்டுரை வரைக.